உரக்கடை டைரி

எங்கள் வீட்டு சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில், ஏழு டைரிகளும் மூன்று நீள நோட்டுகளும் இருக்கின்றன. அடியில் வேப்பிலை பரப்பி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காய வைத்து எடுப்பேன். கரையானுக்கு அவ்வளவு பயம். "நகையைக்கூட நீ இப்படிப் பாத்துக்கல" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான். நகையை அடகு வைத்து மீட்கலாம், திரும்பச் செய்துகொள்ளலாம். இதைத் திரும்ப எழுத முடியாது.

இருப்பதில் முதலாவது 2017-ஆம் வருட டைரி. பட்டுக்கோட்டையில் நாங்கள் உரம் வாங்கும் கடையில் கொடுத்தது. அந்த வருஷம் முழுக்க அதில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. பால் கணக்குகூட எங்கள் வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம்தான். இப்போது அந்த டைரியைத் திறந்தால் முதல் பக்கத்தில் 'ஜனவரி 1, ஞாயிறு' என்று அச்சடித்திருப்பதை அடித்துவிட்டு, மேலே நீல மையில் '17.11.2018 சனி' என்று எழுதியிருக்கும். கஜா புயல் அடித்ததற்கு மறுநாள்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகை லிஸ்ட்டும் மொய் நோட்டும்தான். தினமும் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் ஒருத்திக்கு என்ன கொடுக்கும் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இந்த ஏழு வருஷத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

15-ஆம் தேதி வியாழக்கிழமை ராத்திரி படுக்கும்போதே காற்று வந்துவிட்டது. ஓட்டு வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஒரே கான்கிரீட் அறையில் ஐந்து பேரும் இருந்தோம். நடுராத்திரிக்கு மேல் வடக்கேயிருந்து அடித்தது. மரம் முறிகிற சத்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. முதலில் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எண்ண முடியவில்லை. அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. அவர் எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார். அத்தை படுத்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார்: "தெறக்காத தம்பி. இது திரும்பி வரும். அம்பத்திரெண்டுலயும் இப்படித்தான்." 1952 நவம்பர் புயலில் அத்தைக்கு 12 வயது. அவர் சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாங்கி நின்ற மரங்களும் அதில் போயின.

விடிந்ததும் அவர் தோப்புப் பக்கம் போய்விட்டு வந்து களத்து மேட்டில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. எங்கள் தோப்பு மூன்று ஏக்கர். பதினாறு வரிசை, வரிசைக்கு 13 மரம், மொத்தம் 208. மாமனார் கையால் வைத்தது. மறுநாள் காலையில் நான் அந்த உரக்கடை டைரியையும் மகளின் பேனாவையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டைரியின் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பதினாறு கோடு போட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குறி. நின்றால் வட்டம், விழுந்திருந்தால் பெருக்கல் குறி. குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு, மரத்தின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காட்ட. விழுந்த மரத்து மேலேயே ஏறி ஏறித்தான் அடுத்த வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் ஆனது. 163 பெருக்கல் குறி, 45 வட்டம். அம்புகளில் முக்கால்வாசி தெற்கே, மீதி வடக்கே. அந்தப் பக்கத்தை இன்றைக்குப் பார்த்தாலும் அந்த ராத்திரி இரண்டாகப் பிரிந்தது கண்ணுக்குத் தெரியும். முதல் காற்று எந்த மரங்களை எடுத்தது, திரும்பி வந்த காற்று எவற்றை எடுத்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு மண் கறை. என் கட்டைவிரல் ரேகை அதில் தெளிவாக விழுந்திருக்கிறது.

அன்று ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அடுத்த பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை நான்கு வரி எழுதினேன். கரண்ட் இல்லை, போன் இல்லை, டிவி இல்லை. பேசுகிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை. மறுநாளும் எழுதினேன். இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது எழுதியவற்றில் இரண்டை அப்படியே தருகிறேன்.

"18.11 ஞாயிறு. மோட்டார் ஓடாததால் தெருவே அடிபம்பு வீட்டில்தான். எங்களுக்கு 9 குடம். வரிசையில் நாற்பது பேர் இருக்கும். அந்த அக்கா எல்லோரையும் பிடிக்கவிட்டுக் கடைசியில்தான் தன் குடத்தை வைத்தது."

"21.11 புதன். மெழுகுவர்த்தி ஒன்று 20 ரூபாய். ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் போனுக்கு சார்ஜ் போட 30 ரூபாய். தார்ப்பாய் ஒன்று கிடைத்தது. தென்னங்குருத்து வெட்டி எல்லோருக்கும் கொடுத்தோம், தித்திப்பாக இருந்தது. இவர் இன்று சாப்பிட்டார்."

'இவர் இன்று சாப்பிட்டார்' என்று எழுதிய பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அதை எழுதுகிறவரை, நடந்தது எதுவும் எனக்கு நடந்த மாதிரியே இல்லை. தலைக்குள் எல்லாம் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடன், ஓடு, மகளின் காலேஜ் ஃபீஸ், அழுகப்போகிற மரங்கள், குடிதண்ணீர். தாளில் எழுதினால் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் எழுத முடியும். ஒரே நேரத்தில் இரண்டை எழுத முடியாது. வரிசைக்கு வந்ததும் கவலைக்கு ஒரு அளவு வந்தது. இத்தனைதான் என்று தெரிந்தது.

என் மகள் நர்சிங் படித்தாள். அவள் பாடத்தில் இதைப்பற்றி வந்தது என்று பிறகு ஒருநாள் சொன்னாள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சிலரை வாழ்க்கையில் பட்ட பெரிய கஷ்டத்தைப் பற்றி, சிலரை ஏதாவது சாதாரண விஷயத்தைப் பற்றி. கஷ்டத்தை எழுதியவர்களுக்கு எழுதிய அன்று மனசு இன்னும் கனத்துத்தான் போனதாம். ஆனால் நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனது குறைந்திருக்கிறது. அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த முதல் பாதிதான். எழுதினால் உடனே லேசாகிவிடும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. 163 என்று எழுதிய அன்றைக்கு எனக்கு நெஞ்சை அடைத்தது. லேசானது நான்கைந்து நாள் கழித்துத்தான்.

அந்த மரக் கணக்கு இன்னொரு வழியிலும் கைகொடுத்தது. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. கணக்கெடுத்துப் பட்டியல் வந்தபோது எங்கள் பெயரில் 129 மரம் இருந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர்கள் வருவதற்குள் வண்டிப்பாதை ஓரத்து மரங்களை வெட்டி இழுத்துப்போட்டிருந்தோம், வழி வேண்டுமே. நான் டைரியை எடுத்துக்கொண்டு போனேன். எந்த வரிசை, எத்தனையாவது மரம், தலை எந்தப் பக்கம் என்று இருந்ததைப் பார்த்ததும் வந்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி தோப்புக்கு வந்து அடிக்கட்டைகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 34 மரம் கூடியது. 37,400 ரூபாய். அந்த நேரத்தில் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய பணம் என்று தென்னை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பணத்தை விடப் பெரிதாக ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தோப்பு விஷயம் எதுவானாலும் "நோட்டுல என்ன போட்டிருக்க?" என்று கேட்க ஆரம்பித்தார். இருபத்திரெண்டு வருஷம் அந்தத் தோப்பில் வேலை செய்திருக்கிறேன். என்னிடம் கேட்டு ஒரு முடிவு எடுத்தது அதற்கப்புறம்தான்.

மூட்டம் போட்ட மரங்கள் மக்க ஆரம்பித்ததும் காண்டாமிருக வண்டு வந்தது. அது மக்கின தென்னையிலும் எருக்குழியிலும்தான் முட்டை வைக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எல்லாத் தோப்பிலும் அடுத்த வருஷமே புதுக் கன்றுகளின் குருத்தைக் குடைந்து எடுத்துவிட்டது. விரிகிற மட்டை கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி விரியும். பானையில் ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்து வைத்தால் வாடைக்கு வண்டு வந்து விழும். காலையில் எத்தனை விழுந்தது என்று தினமும் எழுதினேன். 7, 4, 11, 9. மூன்று மாதம் எழுதியதும், மேற்குப் பக்கத்துப் பானையில்தான் அதிகம் விழுகிறது என்று தெரிந்தது. அங்கே பக்கத்துத் தோப்பில் வெட்டிப் போட்ட மரங்கள் அப்படியே மக்கிக்கிடந்தன. அவர்களிடம் பேசி அப்புறப்படுத்திய பிறகு எண்ணிக்கை இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தால் போதாது, எழுதினால்தான் இது கண்ணில் படும். ஒரு நாளைக்கு நான்கு வண்டு என்பது ஒன்றுமே இல்லை. தொண்ணூறு நாள் எண்களை ஒரே பக்கத்தில் பார்க்கும்போது அது வேறு.

வெள்ளை ஈ வந்தபோதும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கமும் கேரளத்திலும் 2016-ல் தெரிந்த சுருள் வெள்ளை ஈ எங்கள் பக்கமும் வந்து, மட்டையெல்லாம் கரி பூசியது போல் ஆகிவிட்டது. எல்லோரும் மருந்தடிக்க ஓடினார்கள். நான் முந்தின வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷமும் கோடையில் ஏறி, நல்ல மழை இரண்டு விழுந்ததும் இறங்கியிருந்தது. கடும் மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்கிற பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும் என்று வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் சொன்னதும் அதிலேயே எழுதி வைத்திருந்தேன். மஞ்சள் ஒட்டுத்தாள் மட்டும் கட்டினோம்.

இதெல்லாம் தோப்புக் கணக்கு. நான் சொல்ல நினைத்தது இது மட்டுமில்லை.

அத்தை 2021 அக்டோபரில் போனார். காய்ச்சலில் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தின்போது நாத்தனார் அழுதுகொண்டே, "ரெண்டு வாரம் வீட்டுலயே போட்டு வச்சிருந்தீங்களே" என்றார். துக்கத்தில் சொன்னதுதான், அவர் மேல் கோபமில்லை. ஆனால் அந்த வார்த்தை என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. நாம்தான் தாமதப்படுத்திவிட்டோம், சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று அவரே நம்ப ஆரம்பித்தார். விசித்திரம் என்னவென்றால், கூடவே இருந்த நானும் நம்பினேன். 'ஆமாம், ரெண்டு வாரம் இருக்கும்' என்று எனக்கும் தோன்றியது. தினமும் எழுதுகிறவள், எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. குற்ற உணர்வு வந்துவிட்டால் அதுவே ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. நாம் அதை நினைவு என்று நம்பிக்கொள்கிறோம்.

தை மாதம் வெயிலில் காய வைக்கும்போதுதான் அந்த நோட்டைத் திறந்தேன். 4-ஆம் தேதி சாயங்காலம் காய்ச்சல். 5-ஆம் தேதி காலையில் டாக்டர், மாத்திரை. 6-ஆம் தேதி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். 7-ஆம் தேதி காலை ஆறரைக்குக் கார் வைத்துத் தஞ்சாவூர், அட்மிஷன். மூன்றே ராத்திரி. நோட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை படிப்பது போல ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆள்காட்டி விரலை நகர்த்திப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். "மூணு நாளா?" என்று கேட்டார். "மூணு நாள்தாங்க" என்றேன். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத மனுஷன் அன்று மத்தியானம் திண்ணையிலேயே தூங்கிவிட்டார்.

அதே பக்கத்தில் வேறொன்றும் இருக்கிறது. 5-ஆம் தேதி ராத்திரி அத்தை ஒரு வாய் பணியாரம் கேட்டார். நாளைக்குச் சுட்டுத் தருகிறேன் என்றேன். மறுநாள் ஸ்கேனுக்கு அலைந்ததில் மறந்துவிட்டது. அதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். செய்யாத தப்பிலிருந்து அந்த நோட்டு எங்களை விடுவித்தது, செய்த தப்பை அப்படியே வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நல்லதை மட்டும் எழுதி வைத்தால் ஒருநாள் அதை நம்ப மாட்டோம்.

இன்னொன்றும் அந்த நோட்டுகளால் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். என் அம்மாவிடம் அப்படித்தான் சொல்வேன். 2019, 2020 நோட்டுகளைப் படித்தால், திட்டியது இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் நான் மறந்தே போன எத்தனையோ இருக்கின்றன. எனக்கு மாதவிலக்கு வலி வந்த நாளில் வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுத்தது. "அவ இன்னும் சாப்புடல" என்று மகனிடம் சத்தம் போட்டது. அம்பத்திரெண்டு புயலில் அவருடைய அப்பா ஆறு பிள்ளைகளையும் நெல் குதிருக்குள் இறக்கிவிட்டு மேலே பாய் போட்டு மூடிய கதையைக் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரியில் எனக்கு மட்டும் சொன்னது. அந்தக் கதையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'குதிருக்குள்ள இருட்டு, நெல்லு வாசம், தம்பி என் காலைப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்.' அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அந்தக் கதை தெரியாது. இந்த நோட்டு இல்லையென்றால் அது அத்தையோடு போயிருக்கும்.

மகள் ஒரு தடவை லைப்ரரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதி எடுத்துவந்து கொடுத்தாள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவராக, இருந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகிறவரை, கிட்டத்தட்ட 25 வருஷம் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழ் எனக்குச் சுலபமில்லை, பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனது. ஆனாலும் விட முடியவில்லை. காதில் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதுவதாகத்தான் ஆரம்பிக்கிறார். சண்டையும் இருக்கிறது, சரக்கு விலையும் இருக்கிறது, வீட்டு விசேஷமும் இருக்கிறது. எது பெரிது, எது சின்னது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தி 20 ரூபாய் என்று நான் எழுதியது சரிதான் என்று அன்றைக்குப் பட்டது. அவர் எழுதியதை மதராஸ் அரசாங்கம் 1904-லிருந்து பன்னிரண்டு தொகுதியாக ஆங்கிலத்தில் போட்டது. அது வேறு கதை. அவர் காலத்துப் புதுச்சேரியை இன்றைக்கு நாம் தெரிந்துகொள்கிறோம் என்றால், ஒரு மனுஷன் ராத்திரி தூங்கப் போகும் முன் உட்கார்ந்து எழுதினார் என்பதால்தான்.

எப்படி எழுதுவது என்று என் தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 'இன்றைக்கு மனசு சரியில்லை' என்று எழுதினால் ஒரு வருஷம் கழித்து அதில் ஒன்றும் இருக்காது. யார் என்ன சொன்னார்கள், அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். என்ன சமைத்தோம், என்ன விலை, மழை பெய்ததா, யார் வந்தார்கள். மனசு அதற்குள்ளேயே வந்துவிடும். 'இவர் இன்று சாப்பிட்டார்' என்பதில் வராததா? ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் கற்பனையாக நிரப்பக் கூடாது. வெறும் பக்கமாக விட்டுவிட வேண்டும். அந்த வெறும் பக்கமும் அந்த நாளைப் பற்றி ஏதோ சொல்லும்.

சரி, போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

புயலுக்கு அப்புறம் 2019 ஆடிப்பெருக்கு அன்று, ஆகஸ்ட் 3, வேப்பங்குளத்திலிருந்து வாங்கிய நெட்டைக் கன்றுகளை நட்டோம். வண்டுக்குப் போனவை போக நின்றவற்றில், நான்காவது வரிசை ஒன்பதாவது கன்றுதான் முதலில் பாளை விட்டது. அது 2025 ஏப்ரலில். கார்த்திகையில் அதன் முதல் குலை இளநீர்ப் பருவத்துக்கு வந்தது. நட்டு எத்தனை வருஷம், எத்தனை மாதம் என்று சரியாகத் தெரிந்துகொள்ள 2019 நோட்டை எடுத்தேன். ஆடிப்பெருக்குப் பக்கத்தில் கன்றுகளின் எண்ணிக்கை, குழிக்கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருந்தது.

"அத்தை சொன்னது: மொத குலைய அந்த அடிபம்பு வீட்டுக்குக் கொடுத்துரு ஆயி. இருவத்தேழு நாளு தண்ணி கொடுத்தவ."

நான் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்கு நடுவில், 2022-ல், அந்த வீட்டுக்காரர்களோடு வாய்க்கால் கரை விஷயத்தில் பெரிய சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது. மூன்று வருஷமாக எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வாய்க்கால் விஷயத்தில் நியாயம் எங்கள் பக்கம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. உரக்கடை டைரியை எடுத்து நவம்பர் 17-லிருந்து டிசம்பர் 13 கரண்ட் வந்த நாள் வரை ஒவ்வொரு பக்கமாகத் தண்ணீர்க் கணக்கைக் கூட்டினேன். இரண்டு நாள் எழுதாமல் விட்டிருந்தேன். அது போக 214 குடம்.

குலையை இறக்கி, டைரியையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. குலையைத் திண்ணையில் வைத்தேன். "அத்தை கொடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

"செத்துப்போனவ எப்படிச் சொன்னா?"

"நட்ட அன்னிக்கே சொன்னாங்கக்கா. எழுதி வச்சிருந்தேன். நான்தான் பாக்கல."

பக்கத்தைக் காட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னது. அத்தை சொன்னதைப் படித்தேன். பிறகு 2018-க்குப் போய், 18-ஆம் தேதி எழுதியதையும் படித்தேன். எல்லோரையும் பிடிக்கவிட்டுக் கடைசியில்தான் தன் குடத்தை வைத்தது என்ற இடம் வந்ததும் அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டது.

"அன்னிக்கு எம் மவளுக்கு நெருப்பா காய்ச்சல். உள்ளதான் படுத்துக் கெடந்தா. அத எழுதலியா நீயி?"

எனக்குத் தெரியாது அக்கா என்றேன். ஒரே தெரு, வரிசையில் நின்று ஒன்பது குடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். உள்ளே ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. "யாருக்குமே தெரியாது. சொல்லிக்கிட்டு இருக்க அது நேரமா?" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து ஒரு இளநீரைச் சீவியது. முதலில் எனக்குத்தான் கொடுத்தது.

அன்று ராத்திரி அந்த டைரியில், 18.11.2018-க்குப் பக்கத்து ஓரத்தில் இடம் பார்த்து, பச்சை மையில் எழுதினேன்: 'இன்று அந்த அக்கா மகளுக்குக் கடும் காய்ச்சல்.'